மூன்று சேர்வர்களும் ஒரே நல்ல நேரமும்

1. கடலைத் தட்டு

ஆயுத பூசை அன்று பதுளை ஒபிஸில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். கடலை சாப்பிடுவது. நான் வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவம், அதனால் பூசை நடக்கும்போது பின்னால் நிற்பேன். தட்டு வரும்போது முன்னால் வந்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் இதை யாரும் தப்பாக எடுத்ததில்லை.

என் பெயர் ஜெசிந்தா. ஒரு தோட்டக் கொம்பனியின் பிராந்திய ஒபிஸில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். கல்யாணமாகி, பேரப்பிள்ளையும் வந்த பிறகும் எல்லோருக்கும் நான் 'மிஸ்'தான். ஊவா மாகாணத்தில் எங்கள் கொம்பனிக்கு மூன்று தேயிலை பெக்டரிகள் உண்டு. ஹல்துமுல்லைப் பக்கம் ஒன்று, எல்ல ஊர்ப் பக்கம் ஒன்று, வெலிமடை ரோட்டில் ஒன்று. பெக்டரிக்கொரு சேர்வர். மூன்று சேர்வரும் சேர்ந்து ஒரே பெரிய ஸ்டோரேஜ். அதைத்தான் கிளஸ்டர் என்பார்கள்.

அன்றைக்கு எங்கள் ஒபிஸில் பிரிண்டருக்குச் சந்தனம் வைத்து, போட்டோகொப்பி மெஷினுக்கு மாலை போட்டு, வேன் டயரில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. நான் கடலைத் தட்டோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். மொனிட்டரில் எல்ல சேர்வர் சிவப்பானது. கரண்ட் போயிருக்கும், ஒன்று போனால் மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கைப்பிடி கடலையை வாயில் போட்டேன். வெலிமடை ரோடு சிவப்பானது. மென்றதை விழுங்குவதற்குள் ஹல்துமுல்லையும் சிவப்பானது.

மூன்றும் ஒன்றாகப் போகவே போகாது என்று எங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி, கலர் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹல்துமுல்லை பெக்டரியில் டீ மேக்கராக இருக்கும் தங்கவேல் ஐயாவுக்குப் போன் போட்டேன். பெக்டரிக்குள் அவர் சொல்வதுதான் சட்டம்.

"ஐயா, சேர்வர் ரூம்ல கரண்ட் இருக்கா?"

"இல்லைங்க மிஸ். மெயினை நான்தான் ஓஃப் பண்ணேன். இன்னைக்கு மெஷினுக்கெல்லாம் ஓய்வு இல்லீங்களா?"

"சரி, யூ.பி.எஸ். வேலை செய்யணுமே?"

"அதுவா? பூசாரி மந்திரம் சொல்றப்ப கீ கீனு கத்திக்கிட்டே கெடந்துச்சு. அமுக்கி வுட்டுட்டேன்."

"சேர்வருக்கும் ஓய்வா ஐயா?"

"என்ன மிஸ் இப்படிக் கேக்குறீங்க? ரோலருக்கு, டிரையருக்கெல்லாம் சின்ன மாலைதான். அதுக்குத்தான் பெரிய மாலை. போட்டோ அனுப்பவா?"

அனுப்பினார். சேர்வரின் முகத்தில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை.

மற்ற இரண்டு பெக்டரியிலும் இதே கதை. மூன்று டீ மேக்கர்களும் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். தங்கவேல் ஐயா பஞ்சாங்கத்தைப் பார்த்து நல்ல நேரத்தைக் குரூப்பில் போட, மூன்று பெக்டரியிலும் அந்த நேரத்துக்கே மெயினை இறக்கியிருக்கிறார்கள். பிறகு அவரிடம், "ஏன் ஐயா மூணு பேரும் ஒண்ணா?" என்று கேட்டேன். "பஞ்சாங்கம் மூணு தோட்டத்துக்கும் ஒண்ணுதானே மிஸ்" என்றார்.

2. அந்த டிஸ்க்குகளில் என்ன இருந்தது

பெக்டரி கேமரா வீடியோ இருந்தது. ட்ரோன் வைத்து எடுத்த தேயிலை மலைப் படங்கள் மலைமலையாக இருந்தன. கொம்பனிப் பெரியவர்கள் மரம் நட்ட படங்கள் அதைவிட அதிகம். இதெல்லாம் போயிருந்தால் நான் இன்னொரு தட்டுக் கடலை சாப்பிட்டிருப்பேன்.

என்னைக் கடலையை மறக்க வைத்தது வேறொன்று. ஹல்துமுல்லைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கிறது. அதற்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பின் குறுக்கே கம்பி கட்டி, அது எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் கருவிகளைக் கொம்பனி வைத்திருந்தது. ஆசைப்பட்டு வைக்கவில்லை, லயத்து ஆட்கள் வேலைக்கு இறங்காமல் நின்றதால் வைத்தது. கருவிகளின் அளவு தினமும் எங்கள் கிளஸ்டருக்கு வந்து சேரும்.

வெடிப்பை நேரில் போய்ப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்க முடியாது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது என்று களிமண் போட்டு அடைத்து, மேலே புல்லும் பதித்துவிட்டார்கள். சரியான வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு மலை நகர்கிறதா இல்லையா என்பதற்கு அந்த அளவுகளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

அடுத்த வாரம் அரசாங்க அதிகாரிகளின் கூட்டம். மண்சரிவு பார்க்கும் அதிகாரி அம்மா ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருந்தார். மலை அசைந்திருக்கிறது என்று அளவைக் காட்டுங்கள், மழைக்கு முன் அந்தக் குடும்பங்களை அங்கிருந்து இறக்கச் சொல்கிறோம். காட்டாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். ஐப்பசி பிறக்கப் போகிறது. எங்கள் பக்கம் மழை எப்போது வரும், எப்படி வரும் என்று ஊவாக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

லயத்தின் கடைசிக் காம்பராவில், வரிசையின் கடைசி அறையில், இருப்பவர் கமலா. கொழுந்து எடுக்கிறவர், தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. சிரித்துக்கொண்டே கடிக்கிற வாய். கருவி வைக்க நான் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வீட்டுத் தரையைக் காட்டினார்.

"மிஸ், இந்தக் கட்டில் கால்ல நான் செங்கல் வைக்கிறேன், அது மறுபடி சாயுது. இன்னொரு செங்கல் வைக்கிறேன். இப்படியே போனா கட்டில்ல ஏற எனக்கு ஏணி வேணும்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வேனில் ஏறியதும் பயந்தேன்.

3. தேர்ந்தெடுத்த லட்சணம்

என் வேலைக்கு வரும் இளம் பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். இப்படி ஒரு கூட்டத்தில் நீங்களும் ஒருநாள் உட்கார வேண்டி வரும்.

எங்கள் பிராந்திய மேனேஜர் நடராஜா சார். நல்ல மனுஷன். ஒரே ஒரு வியாதி, கொழும்பிலிருந்து யாராவது புது ஆங்கில வார்த்தையோடு வந்தால் அதை வாங்கிவிடுவார். அப்படி வந்தவர்தான் கன்சல்டன்ட் பிரவீன். எனக்கு மகன் வயது. கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் தேயிலை பெக்டரியை வாழ்க்கையில் முதல் தடவை பார்த்தது, எங்களுக்கு ஸ்டோரேஜ் வடிவமைத்து முடித்த பிறகுதான்.

நான் கேட்டது எளிமையான ஏற்பாடு. பைல் சிஸ்டம் என்பது டிஸ்க்கில் எதை எங்கே எழுதினோம் என்று நினைவு வைத்திருக்கும் முறை. ஒவ்வொரு பெக்டரியிலும் ஒரு பெட்டி, அதில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா. அதன் மேல் தன் டேட்டாவைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் இசட்.எஃப்.எஸ். பைல் சிஸ்டம். நாளுக்கு ஒரு தடவை பதுளைக்குக் கொப்பி. எங்களிடம் ஏற்கெனவே ஒரு பழைய பெட்டி பதுளையில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் லைன் அறுந்தாலும் அந்தந்தப் பெக்டரி தன்பாட்டில் வேலை செய்யும்.

பிரவீன் கேட்டது, மூன்று மலையில் இருக்கும் மூன்று பெட்டியையும் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி காட்டும் டிஸ்ட்ரிபியூட்டட் பைல் சிஸ்டம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், தப்பு அதனுடையது இல்லை. ஒரே கட்டடத்தில், ஏ.சி. போட்ட அறையில், கரண்ட் போகாத இடத்தில் அது தங்கம். எங்களிடம் இருந்தது மூடுபனியும், மரம் விழுந்தால் அறுகிற லைனும்.

"மேடம், இதுல ஒவ்வொரு டேட்டாவும் மூணு இடத்துல இருக்கும். ஒண்ணு போனா மத்த ரெண்டுலயிருந்து தானா ஹீல் ஆகும்" என்றார்.

"மூணும் ஒண்ணா போனா?"

"அதுக்கு ப்ரொபபிலிட்டி போட்டிருக்கேன்" என்று அடுத்த ஸ்லைடைக் காட்டினார். நடராஜா சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த வார்த்தை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்த ஸ்லைடில் மூன்று டிரான்ஸ்போமர், மூன்று ஜெனரேட்டர், மூன்று மலை, மூன்று லைன் என்று எல்லாம் தனித்தனியாக இருந்தன. அதனால் மூன்றும் ஒன்றாகப் போவதற்கு வாய்ப்பே இல்லை. மூன்று பெக்டரிக்கும் ஒரே பஞ்சாங்கம் என்று அந்த ஸ்லைடில் இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை. நான் பயந்தது மின்னலுக்குத்தான், சந்தனத்துக்கு இல்லை.

"அப்ப ஒரு டெஸ்ட் பண்ணுவோம்" என்றேன். "மூணும் ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே பிளக்கைப் புடுங்குவோம். திரும்பிப் போட்டா எழும்புதான்னு பாப்போம்."

பிரவீன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேடம், ப்ரொடக்ஷன்ல, வேலை ஓடுற மெஷின்ல போய் யாராவது பிளக்கைப் புடுங்குவாங்களா?"

நடராஜா சார் பதறிப்போனார். "என்ன ஜெசிந்தா, புதுச் சாமான். பேப்பர் கூட இன்னும் பிரிக்கல. நீங்க ஒடைக்கப் பாக்குறீங்களே!"

அதோடு என் டெஸ்ட் முடிந்தது.

அடுத்தது வேகம். மூன்று மலைக்கும் நடுவில் டேட்டா போய் வருவதற்கு நேரம் எடுத்தது, எடுக்கத்தான் செய்யும். டெமோ அன்று நடராஜா சார் ஒரு வீடியோவைத் திறக்க, அது ஆடாமல் அசையாமல் நின்றது. பிரவீன் வியர்த்து, எதையோ தட்டினார். வீடியோ பறந்தது. சார் கைதட்டினார். என்ன தட்டினார் என்று நான் எட்டிப் பார்த்தேன். சிங்க்கை ஓஃப் பண்ணியிருந்தார்.

சிங்க் என்பது இதுதான். புரோகிராம் டிஸ்க்கைப் பார்த்து 'எழுதிட்டியா?' என்று கேட்கும். டிஸ்க் உண்மையில் எழுதி முடித்த பிறகுதான் 'ஆமா' என்று சொல்ல வேண்டும். அதை ஓஃப் பண்ணினால், மெமரியில் வைத்துக்கொண்டே 'எழுதிட்டேன், எழுதிட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். மெமரியில் இருப்பது கரண்ட் போனால் போச்சு. எங்கள் ஒபிஸில் கேட்டதும் 'முடிச்சிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பிறகு வேலையை ஆரம்பிக்கிற ஆட்கள் ஏற்கெனவே தாராளமாக இருந்தார்கள். மெஷினும் அதைப் பழகத் தேவையில்லை என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"மூணு நோட்ல ஒண்ணு போனாலும் மத்த ரெண்டு மெமரியில இருக்குமே மேடம்" என்றார் பிரவீன். நோட் என்று அவர் சொன்னது சேர்வரை.

கடைசியாக இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். கிளஸ்டரிலிருந்து பதுளையில் இருந்த பழைய பெட்டிக்கு நான் எடுத்துக்கொண்டிருந்த கொப்பியை நிறுத்தச் சொன்னார்கள். அதனால் புதுசு ஸ்லோ ஆகிறதாம். பெட்டியையே பழைய இரும்புக்குப் போடச் சொன்னார் சார். கொப்பியை நிறுத்தினேன், வேறு வழியில்லை. இரும்புக்காரன் வரும்வரை பெட்டி என் மேசைக்கு அடியில் இருக்கட்டும் என்றேன். இரும்புக்காரனை நான் கூப்பிடவே இல்லை.

4. எழுப்பினால் எழும்பவில்லை

பூசை முடிந்து மூன்று பெக்டரியிலும் மெயினைப் போட்டார்கள். ரோலர் எழும்பியது. டிரையர் எழும்பியது. கிளஸ்டர் எழும்பவில்லை.

பிரவீன் போனில் தைரியம் சொன்னார். "ஒரு நோட் நல்லா இருந்தா போதும் மேடம். அதுலயிருந்து மத்தது ஹீல் ஆயிரும்."

"சரி தம்பி, எது நல்லது?"

மூன்றும் எழுதாததை எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மெயின் இறங்கியிருக்கிறது. முதலாவது சேர்வர் அரைகுறையாகச் செத்தது. அது எழும்பி மற்றவற்றைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்வதற்குள் இரண்டாவது, பிறகு மூன்றாவது. டேட்டா அநேகமாக எல்லாம் டிஸ்க்கில்தான் இருந்தது. ஆனால் எந்தத் துண்டு எந்தப் பைலுடையது என்று சொல்லும் விவரம் மூன்றிலும் கிழிந்து போயிருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன, யார் எடுத்த மூட்டை என்று ஒன்றிலும் சீட்டு இல்லை. அந்த மாதிரி நிலைமை.

மறுநாள் பிரவீன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். சேர்வரைத் தொடுவதற்கு முன் டிஸ்க்கில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்ட வேண்டியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. பொழுது சாயும்வரை மல்லுக்கட்டிவிட்டு, இதை வெளிநாட்டு நிபுணர்களிடம் அனுப்பினால் மீட்டுவிடுவார்கள், சில வாரங்கள் ஆகும் என்றார்.

நடராஜா சார் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒண்ணும் பதறாதீங்க. மீட்டிங்கைத் தள்ளிப் போடச் சொல்லுவோம். டெக்னிக்கல் இஷ்யூன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

இந்தச் செய்தி எங்கள் ஒபிஸைத் தாண்டுவதற்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டது. எப்படிப் போகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, எங்கள் நெட்வொர்க்கில் அவ்வளவு வேகம் கிடையாது. கமலா எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், மீட்டிங் தள்ளிப் போகுதாமுல்ல?"

"அப்படித்தான் பேசிக்கிட்டு இருக்காங்க கமலா."

"மழையையும் தள்ளிப் போடச் சொல்லி பெரிய சார் சொல்லிட்டாரா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிரவீன் மேல் இல்லை, அவருக்கு மலை தெரியாது. லயத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, ஒரு ஸ்லைடுக்கு முன்னால் அதை மறந்துபோன எங்கள் சார் மேல்தான். போனை வைத்துவிட்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், மீட்டிங்கைத் தள்ளிப் போடாதீங்க. டேட்டா நான் கொண்டு வாறேன். கொண்டு வராட்டி என்னைய வீட்டுக்கு அனுப்புங்க. அந்தச் சனங்க மேல மண்ணு விழுந்தா உங்க ப்ரொபபிலிட்டியா வந்து தோண்டும்?"

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தவில்லை. வெளியில் இருந்தவர்களும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

5. அட்டைக்காட்டில் மெமரி கார்டு

முதலில் மேசைக்கு அடியிலிருந்த பழைய பெட்டியைப் போட்டேன். தூசு ஒரு பக்கம், சிலந்திக்கூடு ஒரு பக்கம். ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்க்கச் சொல்லி இசட்.எஃப்.எஸ்.ஸிடம் விட்டேன். அடுத்த நாள் மத்தியானம் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னது. கொப்பியை நிறுத்திய நாள்வரை வெடிப்பின் அளவு முழுதாக இருந்தது. ஆனால் அந்த நாள்வரை கோடு ஏறக்குறைய படுத்தே கிடந்தது. மலை வேகமாக நகர ஆரம்பித்ததாகக் கமலா சொன்னது அதற்குப் பிறகு. எனக்கு வேண்டிய சில வாரங்கள்தான் இல்லை.

கருவிகளுக்குள் சின்ன மெமரி கார்டு உண்டு என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அளவை முதலில் கார்டில் எழுதித்தான் எங்களுக்கு அனுப்பும். கார்டு நிறைந்ததும் மிகப் பழையதை அழித்துவிட்டு அதன் மேல் எழுதும். அழிக்கும் முன் போக வேண்டும். அந்தக் கார்டில் இருக்கும் பைல் சிஸ்டம் எது தெரியுமா? கேமராவிலும் பழைய பென் டிரைவிலும் இருக்கும் எஃப்.ஏ.டி.தான். எங்கள் துறையில் அதை மதித்து ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. கூட்டத்தில் அதன் பெயரைச் சொன்னால் எழுந்து போகச் சொல்வார்கள்.

மறுநாள் வேனைப் போட்டுக்கொண்டு ஹல்துமுல்லைக்குப் போனேன். பிரவீனும் வருவதாகச் சொன்னார், காலில் வெள்ளைச் சப்பாத்தோடு. லயம்வரை வந்தார். அதற்கு மேல் அட்டைகள் அவரை விடவில்லை. நானும் கமலாவும் மலையேறினோம். தூறல் பிடித்துக்கொண்டது. அவர் தலையில் ஒரு உரப் பையை மடித்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் போனார். நான் மூச்சிரைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கருவிப் பெட்டிகளின் சாவி தோட்ட ஒபிஸில் இருந்தது. அதை வைத்திருக்கும் ஐயா லீவில் இருந்தார். கமலா இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்து முதலாவது பெட்டியின் கொண்டியை ஒரு நெம்பு நெம்பினார். கையோடு வந்தது. கொம்பனியின் பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

ஒன்றுக்குள் எறும்புக்கூடு, கார்டு பச்சை பிடித்திருந்தது. மற்றவற்றில் கார்டுகள் நன்றாக இருந்தன. ஒன்றை எடுத்துக் கமலாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இவ்வளவு சின்னதா மிஸ்? இதுக்குள்ளயா எங்க மலை இருக்கு?"

"இருந்தா நல்லது" என்றேன். இல்லாமல் போனால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

லயத்துக்கு இறங்கி வந்து, அவர் வீட்டில் அந்தச் சாய்ந்த கட்டிலில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தேன். பிரவீன் உடனே கார்டைத் திறந்து பார்க்கக் கை நீட்டினார். நான் கையைத் தட்டிவிட்டேன். கெட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகமான எதையும் நேரடியாகத் திறக்கக் கூடாது. எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, முதலில் அதை அப்படியே முழுக் கொப்பி எடுக்க வேண்டும், பிறகு கொப்பியில்தான் கை வைக்க வேண்டும். என் வேலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

கொப்பி முடிந்தது. திறந்தேன். அளவுகள் வரிசையாக வந்தன. பழைய பெட்டியில் இருந்ததோடு சேர்த்துக் கோடு போட்டால், படுத்துக் கிடந்த கோடு மெதுவாகத் தலை தூக்கி, கடைசி நாட்களில் சட்டென்று மேலே ஏறியது. பிரவீன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அறையின் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"என்ன மிஸ், தம்பிக்கு என்னாச்சு?" என்றார் கமலா.

"ஒண்ணுமில்ல. இப்பத்தான் மலையைப் பாக்குறாரு."

6. கூட்டம்

கூட்டம் தள்ளிப் போகவில்லை. அதிகாரி அம்மா அந்தக் கோட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அளவு எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். கார்டுகளை மேசையில் வைத்தேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "இந்தக் கிழமைக்குள்ள இறக்குங்க" என்றார்.

அந்த வாரத்துக்குள்ளேயே இறக்கினார்கள். பாதிப் பேர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மீதிப் பேர் பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில். பிறகு கீழே தட்டையான நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். சொகுசு இல்லை. பகலில் அடுப்பு மாதிரி, ராத்திரியில் ஐஸ் பெட்டி மாதிரி. ஆனால் தலைக்கு மேல் வெடித்த மலை இல்லை.

மாதக் கடைசியில் கொம்பனித் தலைமைக்கு நடராஜா சார் அனுப்பிய அறிக்கையில் 'பல அடுக்குப் பாதுகாப்பு கொண்ட எங்கள் ஸ்டோரேஜ் ஏற்பாட்டினால் ஒரு டேட்டாவும் இழக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. பல அடுக்கு என்பது என் மேசைக்கு அடியிலிருந்த பெட்டியும், அட்டைக்காட்டில் இருந்த கார்டும், கமலாவின் கத்தியும். பிரவீன் மட்டும் எனக்குத் தனியாகப் போன் போட்டு, "சாரி மேடம், அந்தப் பிளக் டெஸ்ட்டை அன்னைக்கே செஞ்சிருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்துவிட்டேன்.

7. இளம் பிள்ளைகளுக்கு

அதற்குப் பிறகு ஸ்டோரேஜ் விஷயத்தில் என்னோடு யாரும் வாதாடவில்லை. பொறுப்பெடுக்க ஆள் இல்லாததால் என் பேச்சு எடுபட்டது. இப்போது ஒவ்வொரு பெக்டரியிலும் ஒரு பெட்டி, இசட்.எஃப்.எஸ்., சிங்க் ஓன், தினமும் பதுளைக்குக் கொப்பி. வீடியோ கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும். திறக்கட்டும், யாருக்கு என்ன அவசரம்? பெட்டி வாங்கிய அன்றே நடராஜா சாரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே பிளக்கைப் புடுங்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு புடுங்கினார். எழும்பியது.

ஆயுத பூசை அன்று சேர்வரை ஓஃப் பண்ணாதீர்கள் என்று தங்கவேல் ஐயாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அதெப்படி மிஸ், அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இப்போது அந்த நாளும் எங்கள் மெயின்டனன்ஸ் அட்டவணையில் இருக்கிறது. நான் இங்கிருந்து முறையாகப் படுக்க வைப்பேன், பிறகு அவர் சந்தனம் வைப்பார்.

பைல் சிஸ்டம் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் வேகத்தையும் அளவையும் கேட்பதற்கு முன், அந்த இடத்தில் ஸ்விட்சை யார் இறக்குகிறார்கள், எப்போது, ஏன் என்று கேளுங்கள். ஸ்லைடில் அதற்குப் பதில் இருக்காது. அங்கே வேலை செய்கிறவர்களோடு ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு, பிறகு நீங்களே இறக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. நன்றாக வேலை செய்கிற ஸ்டோரேஜ் என்றால் ஒன்றுமே நடக்காது. வருஷம் முழுக்க ஒன்றும் நடக்காததைப் பார்த்துவிட்டு, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நமக்குச் சம்பளமே அந்த ஒன்றும் நடக்காததற்குத்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க மலை விழவில்லை. நகர்ந்தது, ஆனால் நின்றது. தை பிறந்ததும் நடராஜா சார் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன ஜெசிந்தா, மலை அப்படியே நிக்குதே? நம்ம டேட்டா தப்போ? சும்மா இருந்த சனங்களைக் கெளப்பி விட்டுட்டோமோ?"

குரலில் நிஜமான வருத்தம். அடுத்த தடவை தோட்டத்துக்குப் போனபோது இதைக் கமலாவிடம் சொன்னேன். தகரக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"மலை நிக்குதுனு சாருக்கு அவ்வளவு கவலையா மிஸ்? எங்க காம்பரா சும்மாதான் கெடக்கு. சாவி என்கிட்டத்தான் இருக்கு. பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து, ஒரே ஒரு மழைக்கு இருந்துட்டுப் போகச் சொல்லுங்க."

இதை நான் இன்னும் சாரிடம் சொல்லவில்லை. நான் ரிடயராகும் அன்றைக்கு என்னைப் பேசச் சொல்வார்கள். அப்போது மைக்கில் சொல்வேன்.